வடசென்னை ரயில்கள் ஏன் நடுவழியில் நிற்கின்றன? ஒரே தண்டவாளத்துக்குப் பல பேர் போட்டி... முதல் வழி யாருக்கு?

சென்ட்ரலில் இருந்து கும்மிடிப்பூண்டி போகும் மின்சார ரயில் திடீரென்று நிற்கிறது. அங்கே ஸ்டேஷனும் இல்லை, பிளாட்பாரமும் இல்லை. ஐந்து நிமிடம், சில நாள் பத்து நிமிடம், சில நாள் அதற்கும் மேல். பக்கத்துத் தண்டவாளத்தில் ஒரு எக்ஸ்பிரஸ் சீறிக்கொண்டு போகிறது. இல்லையென்றால் நிலக்கரி ஏற்றிய கூட்ஸ் ஒன்று முடிவே இல்லாமல் நகர்கிறது. அதற்குப் பிறகுதான் சிக்னல் விழுகிறது.

திருவொற்றியூர், எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி பக்கம் தினமும் போய் வருபவர்களுக்கு இது பழகிப்போன காட்சி. சிப்காட்டில் ஷிப்டுக்குப் போகிறவருக்கு அந்தப் பத்து நிமிடம் சில நேரம் அரை நாள் சம்பளம். தாமதத்தைக் கண்டித்துப் பயணிகள் தண்டவாளத்தில் இறங்கி மறியல் செய்ததும் இந்த வழித்தடத்தில் நடந்திருக்கிறது.

எந்த ரயில் போகணும், எந்த ரயில் நிற்கணும் என்று யார் முடிவு செய்கிறார்கள்? அதற்கு என்ன விதி? நாளைக்குத் தனியார் ரயில்களும் இதே தண்டவாளத்துக்கு வந்தால் என்ன ஆகும்? விரிவாகப் பார்க்கலாம்.

யானைக்கவுனியில் இருந்து ஏன் தொடங்க வேண்டும்?

கவுனி என்றால் கோட்டை வாசல். ஆங்கிலேயர் காலத்தில் இன்றைய ஜார்ஜ் டவுனைச் சுற்றி மதில் எழுப்பினார்கள். அந்த மதிலின் வாசல்களில் ஒன்றுதான் யானைக்கவுனி. மதிலுக்காக மக்களிடம் வரி வாங்கலாம் என்று பேசப்பட்டதன் நினைவுதான் பக்கத்தில் இருக்கும் வால்டாக்ஸ் சாலையின் பெயர். யார் உள்ளே வரலாம், யார் வெளியே நிற்கணும் என்று ஒரு காலத்தில் முடிவு செய்த இடம் இது.

இன்றைக்கும் அந்த வேலை அங்கே நடக்கிறது. சென்ட்ரலுக்கும் பேசின் பிரிட்ஜுக்கும் நடுவில், தண்டவாளங்களுக்கு மேலே நிற்கிறது யானைக்கவுனி பாலம். டெல்லி, ஹவுரா, மும்பை, பெங்களூரு, கோவை என்று சென்ட்ரலுக்கு வரும் எக்ஸ்பிரஸ் ரயில்களும், அரக்கோணம், கும்மிடிப்பூண்டி மின்சார ரயில்களும் இதன் கீழேதான் போயாக வேண்டும். பழைய பாலத்தை இடித்துவிட்டு, கீழே கூடுதல் தண்டவாளம் போட இடம் இருக்கும்படி நீளமாகப் புதுப் பாலம் கட்டினார்கள். அந்த வேலை முடியும் வரை புரசைவாக்கம், சவுகார்பேட்டை மக்கள் பல வருடம் ஊரைச் சுற்றிப் போனார்கள். ரயிலுக்கு இடம் பண்ணுவது எவ்வளவு பெரிய வேலை என்பதற்கு இந்த ஒரு பாலமே சாட்சி.

பேசின் பிரிட்ஜைத் தாண்டியதும் ரயில்கள் பிரிகின்றன. மேற்கே போவது வியாசர்பாடி, பெரம்பூர் வழியாக அரக்கோணம். வடக்கே போவது கொருக்குப்பேட்டை வழியாக கும்மிடிப்பூண்டி, கூடூர். சென்னை கடற்கரையில் இருந்து ராயபுரம், வண்ணாரப்பேட்டை வழியாக வரும் பாதையும் கொருக்குப்பேட்டையில் வந்து சேர்கிறது. துறைமுகச் சரக்கும் இந்தப் பக்கம்தான். பிரச்சனை ஆரம்பிப்பதும் இங்கேதான்.

தண்டவாளத்தில் 'இடம்' என்றால் என்ன?

சிம்பிளாகச் சொன்னால், கல்யாண மண்டபம் மாதிரி. மண்டபம் வருடம் 365 நாளும் அங்கேயே இருக்கிறது. ஆனால் எல்லோரும் கேட்பது முகூர்த்த நாளை. தண்டவாளமும் அப்படித்தான். ராத்திரி 2 மணிக்கு காலியாக இருக்கும் பாதை, காலை 8 மணிக்குப் பத்து பேர் கேட்கும் பாதையாகிவிடும்.

ஒரு பாதையில் எத்தனை ரயில் விடலாம் என்பதற்கு ரயில்வேயில் ஒரு பழைய கணக்கு உண்டு. ஸ்காட் சூத்திரம் என்பார்கள். ஒரு நாளைக்கு 1,440 நிமிடம். இரண்டு நிலையங்களுக்கு நடுவே மெதுவாகப் போகும் ரயில் கடக்க 15 நிமிடம், சிக்னல் வேலைக்கு 5 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் 20 நிமிடத்துக்கு ஒரு ரயில். 1,440-ஐ 20-ஆல் வகுத்தால் 72. பராமரிப்பு, தாமதம், கோளாறு என்று கழித்து, அதில் 70 சதவீதத்தைத்தான் உண்மையான கொள்ளளவாக எடுப்பார்கள். ஆக, அந்தப் பாதையில் ஒரு நாளைக்குச் சுமார் 50 ரயில். தானியங்கி சிக்னல் இருந்தால் ஒன்றன்பின் ஒன்றாக இன்னும் நெருக்கமாக அனுப்பலாம். ஆனாலும் ஒரு உச்சவரம்பு கண்டிப்பாக இருக்கும்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. எல்லா ரயிலும் ஒரே வேகத்தில் ஓடினால் நிறைய ரயில் விடலாம். வேகம் வேறுபட்டால் எண்ணிக்கை குறையும். சென்னை - கூடூர் பாதையில் 2022-ல் வேக வரம்பு மணிக்கு 130 கி.மீ. ஆக உயர்த்தப்பட்டது. சென்ட்ரல் முதல் கும்மிடிப்பூண்டி வரை சுமார் 48 கி.மீ. அந்த வேகத்தில் தடையே இல்லாமல் ஓடினால் 22 நிமிடம். ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் நின்று போகும் ரயில் சராசரியாக 40 கி.மீ. வேகத்தில் போனால் 72 நிமிடம். இது ஏட்டுக் கணக்குதான். ஆனால் விஷயம் புரியும்: பின்னால் வரும் எக்ஸ்பிரஸ் முன்னால் போகும் ரயிலை முட்டாமல் இருக்க, 50 நிமிட இடைவெளி விடணும். அவ்வளவு இடைவெளி விட முடியாது. அதனால் மெதுவாகப் போகும் ரயிலை ஓரத்தில் நிறுத்துகிறார்கள்.

அந்த ஓரப் பாதைக்குப் பெயர்தான் லூப் லைன். 2024 அக்டோபர் 11 இரவு கவரைப்பேட்டையில் நடந்த விபத்து நினைவிருக்கும். மைசூரு - தர்பங்கா பாக்மதி எக்ஸ்பிரஸ், மெயின் லைனில் போக சிக்னல் இருந்தும் லூப் லைனுக்குள் புகுந்து, அங்கே நின்றுகொண்டிருந்த கூட்ஸ் ரயிலில் மோதியது. நல்லவேளையாக உயிரிழப்பு இல்லை, பலர் காயமடைந்தார்கள். விபத்து எப்படி நடந்தது என்பது தனி விஷயம். ஆனால் எக்ஸ்பிரஸ் போகும்போது கூட்ஸ் ஓரமாக நிற்பது இந்தப் பாதையில் தினசரி நடக்கும் வேலை என்பதை அந்த இரவு எல்லோருக்கும் காட்டியது.

வரிசையில் யார் யார் நிற்கிறார்கள்?

முதலில் மின்சார ரயில். வண்ணாரப்பேட்டை - விம்கோ நகர் மெட்ரோ 2021 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. அதனால் திருவொற்றியூர் வரை இருப்பவர்களுக்கு வேறு வழி கிடைத்தது. அதைத் தாண்டி கத்திவாக்கம், எண்ணூர், அத்திப்பட்டு, மீஞ்சூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி மக்களுக்கு ரயில் என்றால் இந்த மின்சார ரயில் மட்டும்தான்.

இரண்டாவது எக்ஸ்பிரஸ். தமிழ்நாடு, கிராண்ட் டிரங்க், கோரமண்டல் என்று வடக்கே போகும் முக்கிய ரயில்களுக்கு இதுதான் வாசல். ஒன்று தாமதமானால் அதன் பாதிப்பு விஜயவாடா வரை போகும். அங்கே தாமதமாகும் ரயில் இங்கே வந்து கும்மிடிப்பூண்டி லோக்கலின் நேரத்தில் விழும்.

மூன்றாவது நிலக்கரி. இதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி, இரும்புத் தாது கையாண்டதால் ராயபுரம் வட்டாரம் முழுக்கத் தூசி படிந்தது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து 2011 அக்டோபரில் அந்த வேலை அங்கே நிறுத்தப்பட்டு எண்ணூருக்கு மாறியது. ராயபுரத்தின் தூசி குறைந்தது. சரக்கு ரயில் நெரிசல் வடக்கே நகர்ந்தது. 2001-ல் செயல்பாட்டுக்கு வந்த எண்ணூர் துறைமுகம்தான் இன்றைய காமராஜர் துறைமுகம். கப்பலில் வரும் நிலக்கரி அங்கிருந்து ரயிலில் மேட்டூர் அனல்மின் நிலையம் வரை போகிறது. நாம் வீட்டில் போடும் ஃபேனுக்கும் அந்த கூட்ஸுக்கும் தொடர்பு உண்டு.

நான்காவது கன்டெய்னர் ரயில்கள். தண்டையார்பேட்டையில் கான்கார் நிறுவனத்தின் கன்டெய்னர் முனையம் இருக்கிறது. பக்கத்திலேயே பெரிய சரக்கு யார்டு. மணலி சுத்திகரிப்பு ஆலை, உரத் தொழிற்சாலை, கார் ஏற்றுமதி எல்லாம் இந்த வட்டாரத்தில்தான். இதில் கன்டெய்னர் பிரிவில் ரயில்வே அல்லாத நிறுவனங்களும் ரயில் ஓட்டலாம். அது எப்படி என்று பின்னால் பார்ப்போம்.

நாலு பாதை வருது, ரெண்டு பாதை ஆகுது

நெரிசலைக் குறைக்க ரயில்வே எதுவும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. சென்னை கடற்கரை - அத்திப்பட்டு இடையே 22.1 கி.மீ. தூரத்துக்கு 293.40 கோடி ரூபாயில் நான்காவது பாதை போடப்பட்டு, 2021 பிப்ரவரி 14 அன்று திறக்கப்பட்டது. சென்னைத் துறைமுகத்தையும் எண்ணூர் துறைமுகத்தையும் இணைக்கும் பகுதி இது. கூட்ஸ் ஒரு பக்கம், பயணிகள் ஒரு பக்கம் என்று பிரித்து விட வசதி கிடைத்தது.

ஆனால் அத்திப்பட்டைத் தாண்டி கும்மிடிப்பூண்டி நோக்கிப் போனால் இரண்டு பாதைதான். போக ஒன்று, வர ஒன்று. மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை எல்லாம் அந்த இரண்டு பாதையில். நாலு வழிச்சாலையில் வேகமாக வந்து, கடைசியில் ஒரு குறுகிய பாலத்தில் எல்லா வண்டியும் முட்டி நிற்பது போலத்தான். அத்திப்பட்டு - கும்மிடிப்பூண்டி மூன்றாவது, நான்காவது பாதை என்பது நீண்ட காலமாகப் பேசப்படும் திட்டம். அது முடியும் வரை, இருக்கிற இடத்தை யாருக்குப் பங்கு போடுவது என்ற கேள்விதான் முக்கியம்.

யாருக்கு முதலிடம்? யார் முடிவு செய்கிறார்கள்?

இரண்டு கட்டமாக நடக்கிறது. முதல் கட்டம் கால அட்டவணை. எந்த ரயிலுக்கு எந்த நேரம் என்று ரயில்வே முன்கூட்டியே ஒதுக்குகிறது. கூட்ஸ் ரயில்களில் பெரும்பாலானவற்றுக்கு இப்படி நிரந்தர நேரம் கிடையாது. சரக்கு ஏற்றி முடித்ததும், இடைவெளி பார்த்து அனுப்புவார்கள்.

இரண்டாவது கட்டம் கன்ட்ரோல் அறை. அட்டவணை கலையும்போது எதை விடுவது, எதை நிறுத்துவது என்று அந்த நிமிடத்தில் முடிவு செய்பவர் செக்‌ஷன் கன்ட்ரோலர். விபத்து நிவாரண ரயிலுக்கு எப்போதும் முதலிடம். பிறகு முக்கிய எக்ஸ்பிரஸ்கள், மற்ற பயணிகள் ரயில்கள், கடைசியில் கூட்ஸ் என்பது பொதுவான வரிசை. காலை, மாலை நெரிசல் நேரத்தில் புறநகர் ரயிலுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்பதும் நடைமுறைதான்.

ஆனால் கணக்கு அவ்வளவு நேர்கோட்டில் இல்லை. ரயில்வேயின் வருமானத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு சரக்கில் இருந்துதான் வருகிறது. பயணிகள் கட்டணத்தில் வரும் நஷ்டத்தை ஈடு கட்டுவதும் அந்தப் பணம்தான். ஆக, வரிசையில் கடைசியில் நிற்கும் கூட்ஸ்தான் வீட்டுக்குச் சம்பாதித்துப் போடும் பிள்ளை. மறுபக்கம், மலிவான சீசன் டிக்கெட்டில் போகும் ஆயிரக்கணக்கான லோக்கல் பயணிகளால் ரயில்வேக்கு லாபம் இல்லை. அவர்களுக்கு ஓட்டு உண்டு, மறியல் உண்டு. எக்ஸ்பிரஸ் தாமதமானால் டெல்லி வரை கேள்வி வரும். இந்த மூன்று அழுத்தத்துக்கு நடுவில்தான் கன்ட்ரோலரின் முடிவு.

பணம் கொட்டினால் மட்டும் நேரம் சரியாகிவிடாது என்று இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கையே சொன்னது. உள்கட்டமைப்பில் பெரும் முதலீடு செய்தும், மெயில், எக்ஸ்பிரஸ் ரயில்களின் நேரந்தவறாமை 2012-13-ல் இருந்த 79 சதவீதத்தில் இருந்து 2018-19-ல் சுமார் 69 சதவீதமாகக் குறைந்தது என்று அந்த அறிக்கை சுட்டிக்காட்டியது.

சரி, 'போட்டி நிறுவனங்கள்' எங்கே வந்தன?

சென்னைக்கு இது புதுக் கதை இல்லை. 1856-ல் ராயபுரத்தில் இருந்து தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயிலை ஓட்டியது மெட்ராஸ் ரயில்வே என்ற கம்பெனி. எழும்பூர் பக்கம் தென்னிந்திய ரயில்வே என்ற வேறு கம்பெனி. ஒன்று அகலப்பாதை, மற்றது மீட்டர்கேஜ். அவரவர் தண்டவாளத்தில் அவரவர் ரயில் ஓடியதால் பெரிய சண்டைக்கு இடமில்லை. 1951 ஏப்ரல் 14 அன்று எல்லாம் இணைந்து தெற்கு ரயில்வே ஆனது. அதற்குப் பிறகு தண்டவாளமும் ரயிலும் ஒரே முதலாளியிடம்.

2006-ல் முதல் கதவு திறந்தது. அதுவரை கன்டெய்னர் ரயில் என்றால் 1988-ல் தொடங்கப்பட்ட பொதுத்துறை நிறுவனமான கான்கார் மட்டும்தான். புதுக் கொள்கையில், நாடு முழுக்க ஓட்ட 50 கோடி, குறிப்பிட்ட வழித்தடங்களில் மட்டும் ஓட்ட 10 கோடி என்று உரிமக் கட்டணம் கட்டித் தனியார் நிறுவனங்கள் உள்ளே வந்தன. வேகனும் சரக்கும் அவர்களுடையது. இன்ஜின், டிரைவர், தண்டவாளம், சிக்னல் எல்லாம் ரயில்வேயுடையது. இழுத்துப் போவதற்குக் கட்டணம். அந்தக் கட்டணத்தை நிர்ணயிப்பது ரயில்வே. எந்தச் சரக்கை ஏற்றலாம், ஏற்றக்கூடாது என்று சொல்வதும் ரயில்வே. போட்டியாளரான கான்காரும் ரயில்வே அமைச்சகத்தின் கீழ்.

இது நியாயமா என்று சில தனியார் நிறுவனங்கள் இந்தியப் போட்டி ஆணையத்துக்குப் போயின. சட்ட மீறல் இல்லை என்று 2012-ல் ஆணையம் முடித்து வைத்தது.

அடுத்து 2020 ஜூலை 1. பயணிகள் ரயிலையும் தனியார் ஓட்டலாம் என்று ரயில்வே அறிவித்தது. 109 ஜோடி வழித்தடங்கள், 151 ரயில்கள், 12 தொகுப்புகள், 35 வருட ஒப்பந்தம், 30,000 கோடி ரூபாய் முதலீடு என்று பெரிய அறிவிப்பு. 12 தொகுப்புகளில் சென்னையும் ஒன்று. தனியார் ரயில் கிளம்பும் நேரத்தை ஒட்டி, அதே ஊருக்கு அதே மாதிரி ரயிலை ரயில்வே விடாது என்ற உறுதிமொழியும் இருந்தது. அதாவது முகூர்த்த நேரத்தையே எழுதிக் கொடுக்கும் ஏற்பாடு.

ஆரம்பத்தில் 15 நிறுவனங்கள் ஆர்வம் காட்டின. 2021 ஜூலையில் இறுதி ஏலம் திறந்தபோது, மூன்று தொகுப்புகளுக்கு மட்டுமே விண்ணப்பம். வந்தது இரண்டே பேர்: மேகா இன்ஜினியரிங், ஐஆர்சிடிசி. அதிலும் ஐஆர்சிடிசி அரசு நிறுவனம். சென்னைத் தொகுப்புக்கு ஒருவரும் வரவில்லை. கடைசியில் திட்டமே கைவிடப்பட்டது.

ஏன் யாரும் வரவில்லை?

பல காரணங்கள் சொல்லப்பட்டன. கட்டணம் அதிகம், வருமானத்தில் பங்கு, கொரோனா கால இழப்பு. ஆனால் அடிப்படையான ஒன்று உண்டு. கபடியில் ஒரு அணியின் கேப்டனே நடுவராகவும் விசில் ஊதினால், எதிர் அணி ஆட வருமா? தண்டவாளத்தின் சொந்தக்காரர், நேரம் ஒதுக்குபவர், கட்டணம் நிர்ணயிப்பவர், போட்டியாளர் எல்லாமே ரயில்வேதான். தாமதம் என்றால் யாரிடம் புகார் சொல்வது? அதே ரயில்வேயிடம்.

இந்தக் குறையை முதலில் சொன்னது தனியார் நிறுவனங்கள் இல்லை. பொருளாதார நிபுணர் விவேக் தேப்ராய் தலைமையிலான குழு 2015-லேயே ரயில்வேக்குத் தனி ஒழுங்குமுறை ஆணையம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. 2017 ஏப்ரலில் ரயில் மேம்பாட்டு ஆணையம் அமைக்க மத்திய அமைச்சரவை ஒப்புதலும் கொடுத்தது. கட்டணம், தண்டவாளப் பயன்பாடு பற்றிச் சொல்லக்கூடிய அமைப்பாக அது இருக்கும் என்றார்கள். அறிவிப்போடு சரி. பல்லும் நகமும் உள்ள ஆணையமாக அது வரவே இல்லை.

தமிழ்நாட்டிலேயே இதற்கு ஒரு உதாரணம் இருக்கிறது. தென் மாவட்டத்தில் காற்றாலை வைத்திருப்பவர், மின்வாரியத்தின் கம்பி வழியாகத் தன் மில்லுக்கு மின்சாரம் கொண்டுபோகலாம். அதற்குக் கட்டணம் உண்டு. கட்டணத்தில் தகராறு வந்தால் மின்வாரியம் தீர்ப்பு சொல்வதில்லை. மின்சார ஒழுங்குமுறை ஆணையத்திடம் போகலாம். கம்பிக்கு இருக்கும் நடுவர் தண்டவாளத்துக்கு இல்லை.

வெளிநாட்டில் எப்படி?

பிரிட்டனில் 1990-களில் தண்டவாளத்தையும் ரயில்களையும் தனித்தனியாகப் பிரித்தார்கள். இப்போது தண்டவாளம் நெட்வொர்க் ரயில் என்ற அரசு அமைப்பிடம். ஒரு தாமதம் நடந்தால் யாரால் நடந்தது என்று கண்டுபிடித்துப் பதிவு செய்கிறார்கள். காரணமானவர் மற்றவருக்குப் பணம் கொடுக்கணும். புது ரயில் ஓட்ட வேண்டுமென்றால் தனி ஒழுங்குமுறை அமைப்பு அனுமதி தரணும். லண்டனில் இருந்து வடமேற்கே போகும் நெரிசலான பாதையில் புது ரயில் ஓட்டக் கேட்ட சில தனியார் நிறுவனங்களுக்கு, 2025 ஜூலையில் 'இடம் இல்லை' என்று அந்த அமைப்பு மறுத்துவிட்டது. மறுப்பு வந்தாலும், காரணம் எழுத்தில் வந்தது. அதே பிரிட்டன் இப்போது தண்டவாளத்தையும் ரயிலையும் மறுபடி ஒரே அரசு அமைப்பின் கீழ் கொண்டுவருகிறது. பிரித்ததால் மட்டும் எல்லாம் சரியாகிவிடவில்லை என்பதற்கு அது அடையாளம்.

ஸ்பெயினில் அதிவேகப் பாதையின் இடத்தைத் தொகுப்புகளாகப் பிரித்து, போட்டி வைத்துக் கொடுத்தார்கள். அரசு நிறுவனமான ரென்ஃபேயோடு, 2021-ல் வீகோ, 2022-ல் இரியோ என்று புது நிறுவனங்கள் ஓட ஆரம்பித்தன. டிக்கெட் விலை குறைந்தது. ஆனால் அங்கே பாதையில் காலி இடம் நிறைய இருந்தது. மீஞ்சூர் பக்கம் அப்படி இல்லை.

அமெரிக்காவில் நிலைமை தலைகீழ். தண்டவாளம் சரக்கு நிறுவனங்களுடையது, பயணிகள் ரயில் அதில் ஓடும் விருந்தாளி. பயணிகள் ரயிலுக்குத்தான் முன்னுரிமை என்று 1973 முதல் சட்டம் இருக்கிறது. அதை மதிக்கவில்லை என்று நார்ஃபோக் சதர்ன் என்ற சரக்கு நிறுவனத்தின் மீது அமெரிக்க அரசே 2024-ல் வழக்குப் போட்டது.

மூன்று நாடு, மூன்று ஏற்பாடு. ஆனால் ஒரு விஷயம் பொது. யாருக்கு முன்னுரிமை என்பது எழுத்தில் இருக்கிறது, மீறினால் போய்க் கேட்க ஒரு இடம் இருக்கிறது.

அப்போ கூட்ஸை நிறுத்திவிட்டால் போதுமா?

லோக்கல் ரயிலில் நின்றுகொண்டிருப்பவருக்கு இதுதான் தோன்றும். ஆனால் அதே பயணி ரயிலை விட்டு இறங்கி எண்ணூர் விரைவு சாலைக்கு வந்தால் இன்னொரு காட்சியைப் பார்ப்பார். கன்டெய்னர் லாரிகளின் வரிசை. மணிக்கணக்கில், சில நாள் கிலோமீட்டர் கணக்கில்.

ஒரு கன்டெய்னர் ரயிலில் 45 வேகன். அதில் 20 அடி கன்டெய்னர் 90 ஏற்றலாம். அந்த ரயிலுக்கு வழி கிடைக்கவில்லை என்றால் அந்தப் பெட்டிகள் மாயமாகிவிடாது. லாரியில் ஏறித் திருவொற்றியூர், மணலி வழியாகத்தான் வரும். ஸ்கூலுக்குப் போகும் பிள்ளையும், டூவீலரில் போகும் தொழிலாளியும் அந்த லாரிகளுக்கு நடுவில்தான் போகணும். துறைமுகத்தில் இருந்து மதுரவாயலுக்கு 5,000 கோடிக்கும் மேல் செலவழித்துப் பறக்கும் சாலை கட்டுவதே இந்த லாரிகளுக்காகத்தான்.

இதனால்தான் வடசென்னைக்காரர் இந்தச் சண்டையில் இரண்டு பக்கமும் இருக்கிறார். ரயிலில் இருக்கும்போது கூட்ஸ் நிற்கணும். ரோட்டில் இருக்கும்போது கூட்ஸ் ஓடணும். 'பயணிகளா, சரக்கா' என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது அவருக்கு உதவாது.

சரக்குக்குத் தனிப் பாதை போட்டால் தீர்ந்துவிடும் என்று சொல்லலாம். வட இந்தியாவில் கிழக்கு, மேற்கு சரக்கு ரயில் தடங்கள் அப்படித்தான் போடப்பட்டன. ஆனால் கிழக்குக் கடற்கரைக்குத் திட்டமிட்ட சரக்குத் தடம் கரக்பூரில் தொடங்கி விஜயவாடாவோடு முடிகிறது. சென்னைத் துறைமுகங்கள் வரை அது வரவில்லை.

என்ன செய்யலாம்?

அத்திப்பட்டு - கும்மிடிப்பூண்டி கூடுதல் பாதைதான் நிரந்தரத் தீர்வு. அதற்கு நிலம், பணம், வருடங்கள் வேண்டும். ஆனால் தண்டவாளம் போடாமலேயே செய்யக்கூடிய வேலைகளும் உண்டு.

ஒன்று, முன்னுரிமை விதிகளை இந்த வழித்தடத்துக்கு எழுத்தில் வெளியிடலாம். காலை எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை அத்திப்பட்டுக்கு வடக்கே கூட்ஸ் வராது, மற்ற நேரத்தில் கூட்ஸுக்கு உறுதியான இடம் எவ்வளவு என்று தெளிவாகச் சொல்லலாம். இப்படிச் செய்தால் தொழிலாளிக்கும் நிம்மதி, துறைமுகத்துக்கும் நிம்மதி. கன்டெய்னர் எப்போது போய்ச் சேரும் என்று தெரிந்தால்தான் ஏற்றுமதியாளர் லாரியை விட்டு ரயிலுக்கு வருவார்.

இரண்டு, தாமதத்தைக் காரணத்தோடு வெளியிடலாம். எந்த ரயில், எங்கே, எத்தனை நிமிடம், எதற்காக நின்றது என்ற விவரம் கன்ட்ரோல் அறையில் பதிவாகிறது. மாதம் ஒரு முறை அதை மக்கள் பார்க்கும்படி வைத்தால், 'கூட்ஸுக்காக நிறுத்துறாங்க' என்ற சந்தேகம் உண்மையா, எவ்வளவு தூரம் உண்மை என்று தெரிந்துவிடும். தாமதம் நியாயமானது என்று ரயில்வேயால் நிரூபிக்க முடியாவிட்டால் இழப்பீடு தர வேண்டும் என்று 2021 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. காரணத்தைச் சொல்லும் பொறுப்பு ரயில்வேக்குத்தான் என்பது அதன் பொருள்.

மூன்று, நடுவர். தனியார் ரயில் வருதோ இல்லையோ, தண்டவாளப் பங்கீட்டில் தகராறு வந்தால் கேட்க ஒரு சுதந்திரமான ஆணையம் வேண்டும். தனியாரை எதிர்ப்பவர்களுக்கும் இது தேவை. நடுவர் இல்லாத மைதானத்தில் நாளைக்கு ஒரு பெரிய நிறுவனம் நல்ல நேரத்தைப் பிடித்துக்கொண்டால், தள்ளிப் போவது கும்மிடிப்பூண்டி லோக்கலாகத்தான் இருக்கும். அதற்காகப் பேச அந்த மேசையில் யாரும் இருக்க மாட்டார்கள்.

யானைக்கவுனி பாலத்தைக் கட்டி முடிக்க வருடங்கள் ஆயின. அதன் கீழே இன்னும் தண்டவாளங்கள் வரும். தண்டவாளம் கூடினால் ரயிலும் கூடும், போட்டியும் கூடும். இன்று மாலையும் கொருக்குப்பேட்டைக்கு முன்னால் எங்கேயோ ஒரு மின்சார ரயில் நிற்கும். உள்ளே இருப்பவர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, எதுக்கு நிக்குது என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வார்கள். டிக்கெட் எடுத்த எல்லோருக்கும் கிடைக்க வேண்டிய பதில் அது. இதுவரை கன்ட்ரோல் அறையில் மட்டும்தான் இருக்கிறது.